பள்ளி மூடிய பிறகு வந்த அருங்காட்சியகம்
இத்தாலியின் புரானோ தீவில் நூலால் வலைபோல் பின்னும் லேஸ் கலையை அங்குள்ள அருங்காட்சியகம்தான் காப்பாற்றியது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை, 1872-ல் தொடங்கிய லேஸ் பள்ளி 1970 வாக்கில் மூடப்பட்ட பிறகுதானே அதே கட்டடத்தில் 1981-ல் அருங்காட்சியகம் வந்தது. அங்கே வயதான பெண்கள் பின்னிக் காட்டுவதை நானும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். காகிதத்தில் வரைந்த கோலத்தைத் துணியோடு சேர்த்துத் தைத்து, அதன்மேல் ஊசியும் நூலுமாக இழை இழையாக ஏற்றி, கடைசியில் அடித்துணியிலிருந்து வெட்டிப் பிரித்தால் லேஸ் மட்டும் தனியாகக் கையில் வரும், அவ்வளவு அழகு. ஆனால் அந்த ஊர் வழக்கப்படி ஒருவர் ஒரு வகைத் தையலில்தான் கைதேர்ந்தவர், ஒரே துண்டு பல கை மாறித்தான் முடியும், அந்தக் கைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தால் கண்ணாடிப் பெட்டி என்ன செய்யும்? அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் ‘மெஷின் லேஸ் வந்தபின் யார் கற்பார்கள்’ என்று கேட்டிருக்கிறார். ஸ்லொவேனியாவின் இத்ரியாவைப் பாருங்கள், பாதரசச் சுரங்கத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் வருமானம் போதாமல் பின்னிய ஊர் அது, 1876-ல் ஆரம்பித்த பள்ளி இன்றும் நடக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் வந்து கற்கிறார்கள். அங்கேயும் கோட்டைக்குள் அருங்காட்சியகம் உண்டு, சரி, ஆனால் வகுப்பறையும் கூடவே இருக்கிறது. புரானோவில் நுழைவுச்சீட்டுப் பணத்தில் ஒரு பங்கையாவது கற்றுக்கொடுப்பவர்களின் சம்பளத்துக்கு ஒதுக்கட்டும்.