முதலில் பிள்ளையைத் தெரிவு செய்யுங்கள், காசைப் பிறகு கதைப்போம்

போலந்தில் நடக்கப்போகிற உலக ஜம்போரிக்கு, அதாவது பல நாட்டுச் சாரணர்கள் கூடுகிற பெரும் பாசறைக்கு, எங்கள் மாவட்டத்திலிருந்து தெரிவான பிள்ளைகளின் பட்டியலைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஒரு கிழமையாக எல்லா வட்ஸ்அப் குழுக்களிலும் ஓடுகிறது. யாருடைய பெயர் இருக்கிறது, யாருடைய பெயர் இல்லை என்பது யாழ்ப்பாணத்தில் சாரணியத்தோடு கொஞ்சமாவது தொடர்புள்ள எல்லோருக்கும் இப்போது தெரியும். ஆனால் நேற்றிரவு ஒருவர் அந்தப் பட்டியலுக்குக் கீழே, "பெயர் வராத பிள்ளைகள் தாங்களாகவே விருப்பமில்லை என்று எழுதித் தந்தவர்கள்தானே, இதில் என்ன அநியாயம்?" என்று கேட்டிருந்தார். அதற்கு நாற்பதுக்கு மேல் லைக். அதைப் பார்த்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

தெரிவுக்காகப் பிள்ளைகளிடம் கொடுத்த அந்தப் படிவத்தை நான் பார்த்தேன். பயணச் செலவின் முதல் தவணையை இன்ன திகதிக்கு முன் கட்ட முடியுமா என்பதுதான் அதில் முதல் கேள்வி. பிள்ளை எந்த விருது வரை முடித்திருக்கிறது, எத்தனை பாசறைக்குப் போயிருக்கிறது என்பதெல்லாம் அடுத்த பக்கத்தில். காசு கட்டலாம் என்றால் வங்கிச் சிட்டையை இணைத்துக் கொடுக்க வேண்டும். முடியாது என்றால் விருப்பமில்லை என்று எழுதிப் பெற்றோர் ஒப்பம் வைக்க வேண்டும். ஆசை இருக்கிறது, காசுதான் இல்லை என்று சொல்ல அந்தத் தாளில் இடமே இல்லை. அதற்குத் தந்த அவகாசம் ஒரு கிழமைகூட வராது.

எனக்குத் தெரிந்த ஒரு பெடியன். தகப்பன் கடலுக்குப் போகிறவர். சாரணியத்தில் பிரதம ஆணையாளர் விருது முடித்து, அதற்கும் மேலான ஜனாதிபதி விருதுக்கான வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறான். அணித்தலைவன். சின்னப் பிள்ளைகளுக்கு முடிச்சுப் போடப் பழக்குகிறவனும் அவன்தான். அந்தத் தாளைக் கொண்டுவந்து என்னிடம் தந்தபோது, "அப்பாட்டை நான் சொல்லேல்லை சேர். சொன்னா எங்கையாவது வட்டிக்கு எடுத்துப்போடுவார். அம்மாட்டைத்தான் ஒப்பம் வாங்கினனான்" என்றான். இவனைத்தான் விருப்பமில்லாத பிள்ளை என்று அந்த அண்ணை எழுதுகிறார். நாற்பது பேர் அதை ஆமோதிக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. முதலில் பிள்ளையைத் தெரிவு செய்யுங்கள். காசைப் பிறகு கதைப்போம். இந்த ஒழுங்கு மாறினால் அதற்குப் பெயர் தெரிவு இல்லை. அது ஒரு சுற்றுலாவுக்கு ஆட்களைப் பதிவு செய்வது.

செலவு பெரியது என்பது எனக்கும் தெரியும். விமானச் சீட்டு, முகாம் கட்டணம், விசா, குளிருக்கு உடுப்பு. போலந்து உட்பட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான செங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி வேறு. முதல் தவணை மட்டுமே எங்கள் ஊரில் ஒரு கூலித் தொழிலாளியின் பல மாத உழைப்பு. இதையெல்லாம் மறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தத் தொகையை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்து, இதைத் தாண்டிவிட்டு வா, அதற்குப் பிறகு உன் திறமையைப் பார்க்கிறோம் என்று சொல்வதைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

சாரணியம் தொடங்கியதே இப்படி இல்லை. 1907 ஆகஸ்டில் சாரணியத்தை ஆரம்பித்த பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் முதல் பாசறையை நடத்தியபோது சுமார் 20 பையன்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஈட்டன், ஹரோ போன்ற பெரிய பள்ளிக்கூடங்களின் பிள்ளைகளும் இருந்தார்கள், பூல், போர்ண்மவுத் பக்கத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். வேண்டுமென்றே கலந்துதான் அணிகளைப் பிரித்தார். வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு பவுண் வாங்கினார். மற்றவர்களிடம் மூன்றரைச் சிலிங். அந்தக் காலத்தில் ஒரு பவுணுக்கு 20 சிலிங், ஆகவே ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய குடும்பம், சின்னக் குடும்பம் என்று பார்க்கிற அந்தக் காலத்து இங்கிலாந்தில், ஒரு படை அதிகாரிக்கு இந்தப் புத்தி இருந்திருக்கிறது. நூறு வருடத்துக்கு மேல் கழித்து எங்களுக்கு இல்லை.

இன்றைக்கும் உலக ஜம்போரிக்கு எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஒரே கட்டணம் கட்டுவதில்லை. நாட்டின் வருமானத்தைப் பார்த்துத்தான் தொகையைப் பிரிக்கிறார்கள், வசதி குறைந்த நாட்டுக்குக் குறைவு. வெளியில் இருக்கிறவர்கள் எங்கள் பிள்ளைகளுக்கு இரங்கிக் குறைக்கிறார்கள். அந்தச் சலுகை இங்கே வந்து யாருக்குச் சேருகிறது? முழுக் கட்டணமும் கட்டக்கூடிய வீட்டுக்குத்தான்.

"அடுத்த முறை பார்க்கலாம்" என்று சிலர் ஆறுதல் சொல்லியிருக்கிறீர்கள். அடுத்த முறை என்பது எது என்று யோசித்தீர்களா? உலக ஜம்போரி நான்கு வருடத்துக்கு ஒரு தடவை. பங்குபற்றுகிற பிள்ளைக்கு வயது 14 முதல் 17 வரை. 2023 இல் கொரியாவில் நடந்தது, 2027 இல் போலந்தின் கடான்ஸ்க் நகரத்தைச் சேர்ந்த ஒரு தீவில் நடக்கப்போகிறது, அதற்குப் பிறகு 2031. இப்போது சாதாரண தரம் படிக்கிற பிள்ளைக்கு 2031 இல் வயது தாண்டிவிடும். அப்போது போவதென்றால் சர்வதேசச் சேவை அணியில் வேலை செய்யத்தான் போகலாம். பிள்ளையாகப் போகிற வாய்ப்பு அநேகமாக எல்லோருக்கும் ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையை ஒரு வங்கிச் சிட்டை தீர்மானிக்கிறது.

இப்போது என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2002 இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை திறந்த பிறகு, எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து தெற்கில் நடந்த ஒரு பாசறைக்குப் போனோம். எங்கள் ஊரை விட்டு அவ்வளவு தூரம் நான் போனது அதுதான் முதல் தடவை. முகமாலையிலும் ஓமந்தையிலும் இருந்த சோதனைச்சாவடிகளில் இறங்கி ஏறினோம். கூடாரக் கயிற்றைக்கூட அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். எங்கள் சாரண ஆசிரியர் பொறுமையாக எல்லாவற்றையும் அவிழ்த்துக் காட்டி, திரும்பவும் எங்களைக் கொண்டே சுற்றுவித்தார். வடிவாகச் சுற்றாதவனைத் திரும்ப அவிழ்க்க வைத்தார், அந்த வெயிலில்.

அந்தப் பயணத்துக்கு அவர் எப்படித் தெரிவு செய்தார் என்பதைத்தான் சொல்ல வந்தேன். முதலில் பெயர்களை எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டினார். ஏன் இந்தப் பெயர்கள் என்று கேட்டவர்களுக்கு வரவுப் பதிவையும் சின்னங்களையும் காட்டினார். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு வீட்டுக்கும் சைக்கிளில் போய்த் தாய் தகப்பனோடு தனியாகக் கதைத்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். அப்பா சைக்கிள் திருத்துகிற வேலை, அந்த நேரம் உழைப்பும் இல்லை. வாசலில் நின்று இரண்டு பேரும் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. யார் முழுக் காசு கட்டினார்கள், யார் பாதி, யார் ஒன்றுமே கட்டவில்லை என்று எங்கள் அணியில் ஒருவருக்கும் தெரியாது. எனக்காக யார் கட்டினார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பஸ்ஸில் ஏறும்போது எல்லோருக்கும் ஒரே கழுத்துப்பட்டி. அவ்வளவுதான்.

அவரிடம் பெரிய நிதி எதுவும் இருக்கவில்லை. யுத்தத்திலிருந்து அப்போதுதான் நிமிர்ந்த ஊர். அந்த நாளில் அது முடிந்தது என்றால், இன்றைக்கு ஏன் முடியாது?

சரி, என்ன சொல்வீர்கள் என்று தெரியும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

"உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்பதால்தான் எழுதுகிறீர்கள்." என் மகள் இன்னும் மூன்றாம் வகுப்பு. நான் சனிக்கிழமைகளில் போய் உதவுகிற சாரணர் துருப்பில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கவில்லை, அது உண்மை. பக்கத்தில் நின்று பார்த்தவன் எழுதாமல் பார்க்காதவனா எழுதுவது?

"பெற்றோர் உழைத்த காசில் தங்கள் பிள்ளையை அனுப்புவது குற்றமா?" இல்லை. பட்டியலில் இருக்கிற பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்களில் சிலர் எந்த முறையில் தெரிவு செய்தாலும் முன்னுக்கு வருவார்கள், எனக்குத் தெரியும். அவர்கள் சந்தோசமாகப் போய் வரட்டும். ஆனால் எஞ்சியவர்கள் எப்படி வந்தார்கள் என்று கேட்டால் அந்தப் பிள்ளைகளுக்கே பதில் இருக்காது. போன வருடம்தான் சீருடை தைத்த பிள்ளை எப்படி முன்னுக்கு வந்தது என்று துருப்பில் இருக்கிற சின்னப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

"ஏழைப் பிள்ளைக்கு விசா கிடைக்காது, வங்கிக் கணக்குக் காட்ட வேண்டும்." செலவைப் பொறுப்பேற்கிறவர் கடிதமும் கணக்கும் கொடுத்து விண்ணப்பிக்கிற முறை இருக்கிறது. பிள்ளை தனியாகவும் போகவில்லை, பொறுப்பாளர்களோடு ஒரு குழுவாகப் போகிறது. விண்ணப்பித்துத் தூதரகம் மறுத்தால் அது வேறு விசயம். தூதரகம் மறுக்க முன்னம் நாங்களே மறுக்கிறோம்.

பிறகு அந்த மற்றக் கதை. வெளியில் எழுத மாட்டீர்கள், தொலைபேசியில் மட்டும் சொல்வீர்கள். "கரையூர்ப் பிள்ளைகள், தீவுப் பிள்ளைகள் போனால் திரும்பி வராதுகள், பாரிஸில் மாமன் இருப்பான்." யாழ்ப்பாணத்தில் பாரிஸிலோ லண்டனிலோ மாமன் இல்லாத வீடு எது? பட்டியலில் இருக்கிற பிள்ளைகளுக்கு மாமன் இல்லையா? அந்தச் சந்தேகம் ஏன் காசில்லாத வீட்டுக்கு மட்டும் வருகிறது? இதைச் சொன்னவர் நான் மதிக்கிற ஒரு மனிதர். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. நான் தொலைபேசியை வைத்துவிட்டேன், அவர் கோபித்திருப்பார். கோபிக்கட்டும்.

கொரியாவில் வெயிலாலும் புயலாலும் பிள்ளைகள் பட்ட பாட்டைச் சொல்லி, போகாதது நல்லதுதான் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குப் பதில் எழுத எனக்கு மனமில்லை.

தீவுப் பிள்ளைகள் என்றதும் இன்னொன்று. நேர்முகத்துக்குக் காலை எட்டு மணிக்கு நகரத்தில் நிற்க வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். நெடுந்தீவிலிருந்து ஒரு பிள்ளை எப்படி எட்டு மணிக்கு வந்து நிற்கும்? படகு குறிகட்டுவான் துறைக்கு வர வேண்டும், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். கடல் குழம்பினால் அதுவும் இல்லை. முதல்நாளே வந்து யாருடைய வீட்டிலாவது தங்க வேண்டும். இதை யோசிக்கிறதுக்கு ஆராய்ச்சி ஒன்றும் தேவையில்லை, அந்தப் பக்கம் ஒருநாள் போய்வந்தால் போதும். மாவட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டு நகரத்துக்குள் நாலைந்து பள்ளிக்கூடங்களை மட்டும் பார்க்கிறோம். இது ஜம்போரியில் மட்டுமா நடக்கிறது? விளையாட்டிலும் இதுதான், தமிழ்த்தினப் போட்டியிலும் இதுதான். தூரத்துப் பிள்ளை நேரத்துக்கு வரவில்லை என்று பெயரை வெட்டிவிட்டு, அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று கூட்டத்தில் பேசுவோம்.

வேலைக்கு மட்டும் இந்தப் பிள்ளைகள் வேண்டும். நல்லூர்த் திருவிழாவில் சுடு மணலில் நின்று தண்ணீர் கொடுக்கிறதுக்கு யாரும் முதல் தவணை கேட்டதில்லை. 2016 இல் தேசிய ஜம்போரி யாழ்ப்பாணத்தில் நடந்தபோது கம்பு சுமந்து, கூடாரம் கட்டிய எங்கள் பெடியள் யாருடைய பிள்ளைகள் என்று நீங்கள் கேட்டீர்களா? சாரணர் வேலை வாரத்தில் வீடு வீடாகப் போய் முற்றம் கூட்டி, வாகனம் கழுவி, அதற்குக் காசும் அட்டையில் ஒப்பமும் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் யார்? அந்தக் காசைக் கணக்குப் பார்த்து வாங்கிக்கொள்கிறோம். அந்தப் பிள்ளை வெளிநாடு போகிற நாள் வரும்போது மட்டும், உன் தகப்பனுக்கு என்ன வேலை என்று கேட்கிறோம்.

சாரணர் விதியில், எந்த நாட்டவனாக, எந்த வகுப்பினனாக, எந்த மதத்தவனாக இருந்தாலும் மற்றச் சாரணன் உன் சகோதரன் என்று பேடன் பவல் எழுதினார். அதைப் பிள்ளைகளைக் கொண்டு மனப்பாடமாகச் சொல்லுவிக்கிறோம். அடுத்த சனிக்கிழமை அந்தப் பெடியனையும் பட்டியலில் இருக்கிற பிள்ளையையும் ஒரே வரிசையில் நிற்பாட்டி இதை எப்படிச் சொல்லுவிப்பது? எனக்கு வாய் வராது.

காசு எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். டொரொண்டோவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் பழைய மாணவர்கள் மண்டபத்துக்கும் மைதானத்துக்கும் கொடுத்திருக்கிறார்கள், கிரிக்கெட்டுக்கு வருடாவருடம் கொடுக்கிறார்கள். கேட்டால் இதற்கும் கொடுப்பார்கள். நேற்றிரவே இரண்டு பேர் எனக்கு எழுதிவிட்டார்கள். ஆனால் அவர்களும் முதலில் கேட்டது, யாருக்கு என்றுதான். தெரிவு நடக்காமல் நான் யாருடைய பெயரைச் சொல்வது? அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், முதலில் பெயர், பிறகு காசு. ஜம்போரி 2027 ஜூலை கடைசியில்தான் தொடங்குகிறது. பட்டியலைத் திருப்பி எடுத்து, பதிவுகளைப் பார்த்து, எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் கடிதம் போட்டு, ஒழுங்காகத் தெரிவு செய்ய நேரம் இருக்கிறது. கட்ட முடியாத பிள்ளையின் வீட்டோடு தனியாகக் கதையுங்கள். அந்தப் படிவத்தைக் கிழித்துப் போடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதை நேரில் சொல்லப் போகிறேன். என்னோடு வரக்கூடிய பழைய சாரணர்கள் கீழே எழுதுங்கள். உதவி செய்ய விரும்புகிறவர்கள் இன்பொக்ஸுக்கு வாருங்கள். அந்தப் பெடியன் யார், எந்தப் பள்ளிக்கூடம் என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அவனுடைய தகப்பனும் பேஸ்புக்கில் இருக்கிறார்.