‘சி’ செக்‌ஷன் எங்கே போனது?

கத்திரி வெயிலில் ஊருக்குப் போய்விட்டு வந்தேன். 1995-இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள், முப்பது வருஷம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினோம். போட்டோவெல்லாம் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள், ஒரே மாதிரி சேலையில் நாங்கள் ஒன்பது பேர் நிற்பது உட்பட. அந்தச் சேலை என் யோசனை இல்லை.

சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளி. அப்போது எங்கள் மாவட்டத்துக்குக் காமராஜர் மாவட்டம் என்று பெயர். 1997-இல்தான் விருதுநகர் மாவட்டம் ஆனது. என் டி.சி.யில் இன்றைக்கும் பழைய பெயர்தான் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அறிவியல் சார் என்னை என் அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், பத்தாம் வகுப்பு முழுக்க அப்படித்தான் கூப்பிட்டார். தமிழய்யா வந்ததும் ஒருவன் சட்டைப்பையிலிருந்து மைப் பேனாவை எடுத்து நீட்டினான். ஐயாவும் மறக்காமல் நிப்பைக் கட்டைவிரல் நகத்தில் கீறிப் பார்த்து, “சாத்தூர் நிப்பு மாதிரி வராதுடா” என்றார். சாத்தூரில் வீட்டுக்கு வீடு நிப் செய்த காலம் ஒன்று இருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காராச்சேவுக்கு அடுத்த பெருமை அதுதான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

சாப்பாட்டுப் பந்தியில்தான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. ஆறாம் வகுப்பில் நான் ‘சி’ செக்‌ஷன். ஏ, பி, சி என்று மூன்று வகுப்பு இருந்தது. பத்தாம் வகுப்பில் ஏ, பி இரண்டுதான். பக்கத்து இலைக்காரியிடம், “ஏண்டி, நம்ம சி செக்‌ஷன் எங்கடி போச்சு?” என்றேன். “எட்டாப்புலயே சேத்துட்டாங்கள்ல” என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினாள்.

சேர்த்துவிட்டார்கள், சரி. மூன்று வகுப்புப் பிள்ளைகளை இரண்டு வகுப்பில் எப்படி உட்கார வைத்தார்கள்? பெஞ்ச் ஒன்றும் கூடவில்லையே.

பெயர்ப்பட்டியல் எப்படித் தயாரித்தீர்கள் என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டேன். பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவை வைத்து என்றார்கள். தடிமனான அட்டையில் ஒட்டி, அடியில் ‘நிற்பவர்கள் இடமிருந்து வலம்’ என்று பெயர் அச்சடித்துக் கொடுப்பார்களே, அது. 1995 பிப்ரவரியில் எடுத்தது. அதில் இருக்கிற ஒவ்வொரு பெயராகத் தேடியிருக்கிறார்கள். லேசான வேலை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். குறிப்பாகப் பெண்களை. ஆண்களுக்கு ஊரில் அப்பா பெயர் சொன்னால் நம்பர் கிடைத்துவிடும். எங்களுக்கு முதலில் எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம் வீட்டுக்காரர் பெயர், அப்புறம் அவர் எடுத்துப் பேசி, “யாரு, எதுக்கு?” என்று விசாரித்து, மனசு வந்தால் போனை எங்களிடம் தருவார். என்னை என் தம்பியின் செருப்புக்கடை வழியாகப் பிடித்தார்கள்.

ஆனால் அந்தப் போட்டோவுக்குள் வருவதற்கே ஐந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் தாக்குப்பிடித்திருக்க வேண்டும். 1990-இல் என்னோடு ஆறாம் வகுப்பில் சேர்ந்த எத்தனையோ பேர் அந்த பிப்ரவரி வரைக்கும் வரவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். விடியுமுன்னே ஊருக்குள் வண்டி வரும், தீப்பெட்டி ஆபீசுக்கு ஒன்று, பட்டாசு செய்கிற பயராபீசுக்கு ஒன்று. வண்டியில் போகாதவர்கள் வீட்டிலேயே பெட்டி ஒட்டுவார்கள், ‘குரோஸ்’ கணக்கில், அதாவது 144 பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி.

ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் பெட்டி ஒட்டும் வீட்டுப் பிள்ளை. காலையில் ஒட்டிவிட்டுத்தான் வருவாள். விரல் நுனியில் பசை காய்ந்து, தோல் உரிகிற மாதிரி வெள்ளையாக நிற்கும். முதல் பீரியடில் அதை மெதுவாக உரிப்பாள். கிழியாமல் முழுசாக வந்தால் விரல் ரேகையெல்லாம் அதில் பதிந்திருக்கும். அதை என் நோட்டுக்குள் வைப்பாள். நான் உருட்டி முன்பெஞ்சுக்காரி சடையில் ஒட்டுவேன். கணக்கு வராத எனக்கு அவள்தான் கணக்கு. குரோஸ், அரைக் குரோஸ் என்று வீட்டிலேயே ஓடிக்கொண்டிருந்ததால் 12-ஆம் வாய்ப்பாடு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

எட்டாம் வகுப்பு அரையாண்டுக்குப் பிறகு அவள் வரவில்லை. நான் தேடிப் போனேனா? இல்லை. ஒரு வாரம் இடம் காலியாக இருந்தது, அப்புறம் வேறொருத்தி வந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான். இதை எழுதும்போது கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

1986-லேயே சட்டம் இருந்தது. பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் வைக்கக் கூடாது. ஆனால் வீட்டில் குடும்பத்தோடு சேர்ந்து செய்கிற வேலைக்கு அந்தத் தடை இல்லை. அந்த ஓட்டை வழியாக எங்கள் தெருவே பெட்டி ஒட்டியது. சிவகாசிப் பிள்ளைகளுக்காகப் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது 1996 டிசம்பரில். அப்போது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்ததாம்.

தேர்ச்சி விகிதத்தில் வருஷக்கணக்காக முதலிடம் வாங்கிய மாவட்டம் எங்களுடையது. மேடையில் அன்றைக்கும் ஒருவர் அதைச் சொன்னார், நாங்களும் கை தட்டினோம். விகிதம் என்பது பரீட்சை எழுதியவர்களில் எத்தனை பேர் பாஸ் என்பதுதானே? ஹால் வரைக்கும் வராதவர்களை அந்தக் கணக்கு தொடுவதே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் “இவன் தேறமாட்டான்” என்று நிறுத்திவைக்கப்பட்ட பையன்களும் அதில் இல்லை. பெரும்பாலும் அடுத்த ஜூனில் அவர்கள் திரும்பி வரமாட்டார்கள். இன்றைக்குப் பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போனால் கோடையிலேயே துணைத்தேர்வு எழுதி அதே வருஷம் பதினொன்றில் சேரலாம். எங்கள் காலத்தில் செப்டம்பர், அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

இதையெல்லாம் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். ஏற்பாட்டாளர் போன் போட்டார். நல்ல மனிதர், இந்த விழாவுக்காக இரண்டு மாதம் அலைந்தவர். “நீ சொல்றது சரிதான் தாயி. ஆனா படிப்ப விட்டவங்கள கூப்பிட்டா அவங்களுக்குத்தான் சங்கடம். நாம எல்லாரும் என்ன வேலை பாக்குறோம்னு சொல்லும்போது அவங்க என்ன சொல்லுவாங்க?” என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. மறுநாள்தான் தோன்றியது. வேலையைச் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்று யார் சொன்னது? பதவியும் ஊரும் சொல்லி மைக்கைக் கைமாற்றுகிற அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கே சங்கடமாகத்தான் இருந்தது. வீட்டில் இருக்கிறேன் என்று சொன்ன நாலு பெண்கள் மைக்கை வாயருகே கொண்டுபோகவே இல்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்த அந்தப் பெட்டி ஒட்டும் வீட்டுப் பிள்ளையைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆகவில்லை, இருபது நிமிஷம் ஆனது. ஊரில்தான் இருக்கிறாள். இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறாள். மண்டபத்திலிருந்து மூன்று தெரு தள்ளி வீடு. விழாவன்று வாசலில் ஃபிளெக்ஸ் கட்டியதைப் பார்த்திருக்கிறாள். “உன் போட்டோவ பாத்தேன்டி. பெருத்துட்ட” என்றாள். “அப்ப உள்ள வர வேண்டியதுதானே?” என்றேன். “எனக்கு யாரும் சொல்லலையே” என்றாள். குரலில் சங்கடமும் இல்லை, கோபமும் இல்லை. பத்திரிகை வைக்காத வீட்டு விசேஷத்துக்குப் போக முடியுமா என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

அப்புறம் நான் ஆறாம் வகுப்பில் வாங்கின காம்பஸைத் திருப்பித் தரவில்லை என்றாள். எனக்குச் சுத்தமாக நினைவில்லை.

குழுவில் அவளைச் சேர்த்தாயிற்று. முதல் நாள் இரண்டு பேர் “யாரு இது?” என்று கேட்டார்கள். அவள் எழுதுவதில்லை, குரல் பதிவுதான். இதுவரை பதினொரு பேரைச் சொல்லியிருக்கிறாள், அப்பா பெயர், தெரு, இப்போது எங்கே என்பது வரைக்கும். மூன்று பேர் திருப்பூர், ஒருவன் சாத்தூரில் லாரி பட்டறை. ஒருத்தி இப்போது இல்லை, பயராபீஸ் விபத்து என்றாள். அந்தப் பதிவை மட்டும் குழுவில் யாரும் நீண்ட நேரம் தொடவில்லை.

நேற்று ராத்திரி எங்கள் டாக்டர், பள்ளி வாசல் வேப்பமரத்தைப் பற்றி உருகி உருகி ஒரு பதிவு போட்டிருந்தார். எல்லோரும் இதயம் போட்டோம். காலையில் கிரைண்டர் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் வந்தது. “அது வேம்பு இல்லப்பா, புங்கை. வேம்பு கக்கூஸ் பக்கம்ல இருந்துச்சு.”