துண்டு எங்கே, மாஸ்டர்?

யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தன் திருவிழா வந்தால் 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வளவுகள் பல சைக்கிள் பாதுகாப்பு நிலையங்களாகிவிடும். வாசலில் ஒரு கதிரை, கையில் நம்பர் எழுதிய துண்டுகள். துண்டில் ஒரு பாதி ஹாண்டிலில் தொங்கும், மற்றப் பாதி உங்கள் கையில். அப்படியொரு வளவில், பின்னேரப் பூசை முடிந்த நேரம். கதிரையில் தம்பி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, ஆனாலும் படிப்பித்த மாஸ்டருக்குத் தம்பிதான். மாஸ்டர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். கடவுள் இல்லை என்று 40 வருடமாகச் சொல்லி வருகிறார், மனிசிக்குக் கேட்காத தூரத்தில் நின்று.

மாஸ்டர்: தம்பி, சைக்கிளை எடும். பச்சை லுமாலா.

தம்பி: துண்டைத் தாருங்கோ, மாஸ்டர்.

மாஸ்டர்: (சேர்ட் பையைத் தடவி) இதுக்குள்ளேதான்... பொறும். அது கிடக்கட்டும். இந்த வெக்கையில் இவ்வளவு சனம் மணலில் உருளுதே, ஆரை நம்பி? கண்ணால் கண்டதைத்தான் மனிசன் நம்பவேண்டும். நீர் முருகனைக் கண்டிருக்கிறீரா?

தம்பி: இல்லை. இப்ப உங்களைக் காண்கிறேன். சைக்கிளையும் காண்கிறேன், ஒன்பது பச்சை லுமாலா நிற்கிறது. அதில் ஒன்று உங்களுடையது என்பதைத்தான் காணவில்லை.

மாஸ்டர்: பெல் அடிக்காது. சீற்றில் கடைப் பை சுற்றியிருக்கிறது. பின் மட்காட் ஆடும். இவ்வளவும் தெரிந்தவன் சொந்தக்காரனாகத்தானே இருப்பான்?

தம்பி: அது அனுமானம், மாஸ்டர். எங்கட அப்பு சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலைப் படித்த மனிசன். 13ஆம் நூற்றாண்டிலேயே அதை எழுதிய அருணந்தி சிவாசாரியார், மற்றச் சமயங்களை மறுக்கும் பரபக்கம் என்ற பகுதியில் முதலாவதாக மறித்தது உங்கட ஆட்களைத்தான், கண்டதை மட்டும் நம்பும் உலோகாயதரை. காட்சி, கருதல் என்கிற அனுமானம், உரை என்று அறியும் வழி, அதாவது அளவை, மூன்று இருக்கிறது. காட்சி மட்டும் போதும் என்றால் நீங்கள் வீட்டுக்கு நடந்துதான் போகவேண்டும்.

மாஸ்டர்: சரி, புகையைக் கண்டு நெருப்பு என்பதை ஏற்கிறேன். ஏன் தெரியுமோ? புகையையும் நெருப்பையும் சேர்த்து ஆயிரம் தரம் கண்டிருக்கிறேன். கடவுள் உலகம் செய்ததை ஆர் எத்தனை தரம் கண்டது?

(இந்த இடத்தில் தம்பி உண்மையாகவே மாட்டிக்கொண்டார். நல்ல வேளை, இரண்டு பேர் துண்டோடு வந்தார்கள். சைக்கிள் எடுத்துக் கொடுக்க, மிச்சக் காசு தேட, கொஞ்ச நேரம் கிடைத்தது.)

தம்பி: குடத்தைக் கண்டால் குயவன் ஒருவன் இருக்கவேண்டுமே?

மாஸ்டர்: குயவனுக்கு ஒரு தகப்பன் இருப்பான். கடவுளுக்கு?

தம்பி: கந்தனுக்குத் தகப்பன் இருக்கிறாரே!

மாஸ்டர்: அந்தத் தகப்பனுக்கு?

தம்பி: அவர் பிறக்கவே இல்லை. அதோடு நிப்பாட்டுங்கோ.

மாஸ்டர்: இதைத்தான் வகுப்பிலும் செய்தீர். கணக்கு வராத இடத்தில் கோடு கீறிவிடுவீர். சரி, 1621இல் பறங்கித் தளபதி ஒலிவேரா இந்தக் கோயிலை இடித்தபோது உம்மட முருகன் எங்கே நின்றார்?

தம்பி: 1734இல் திரும்பக் கட்டியாகிவிட்டது. ஒலிவேரா எங்கே?

மாஸ்டர்: 113 வருடம், தம்பி!

தம்பி: அவருக்கு அவசரம் இல்லை. எனக்குத்தான் அவசரம் இருந்தது. 95இல் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தபோது நாவற்குழிப் பாலத்தில் இரவு முழுக்க நின்றோம். மழை. முன்னுக்கும் போகேலாது, பின்னுக்கும் போகேலாது. அம்மா “நல்லூரானே” என்றபடி வந்தா. நான் அவரை ஏசியபடி வந்தேன், எனக்குத் தெரிந்த தூசணம் முழுக்க. பிறகு யோசித்தேன், இல்லாத ஆளை இவ்வளவு நேரம் ஏசுவேனோ?

மாஸ்டர்: (சற்றுப் பொறுத்து) நானும் அந்தப் பாலத்தில் நின்றேன்.

தம்பி: நீங்கள் ஆரை ஏசினீர்கள்?

மாஸ்டர்: என்னோடு மனிசி நின்றா. ஒருத்தரையும் ஏசேலாது.

தம்பி: (சிரித்து) அப்ப உண்மையைச் சொல்லுங்கோ. இருக்கிறாரா, இல்லையா?

மாஸ்டர்: கொழும்புத்துறை யோகர் சுவாமி சொன்னாரே, “நாம் அறியோம்” என்று. அந்த ஒன்றோடு எனக்குச் சண்டையில்லை.

தம்பி: அதைத்தான் மாஸ்டர் நான் உங்கட சோதனைத்தாளில் ஏழாம் கேள்விக்கு எழுதினேன். சுழியம் போட்டீர்கள்.

மாஸ்டர்: அது ஒளித்தெறிப்பு! நீர் அறிந்திருக்கவேண்டும்.

தம்பி: உள்ளே ஒரு ரூபாய்க்கு அர்ச்சனை செய்கிறார்கள், பிழை எழுதினாலும் கலைப்பதில்லை.

மாஸ்டர்: ஒரு ரூபாய்தான். நீர் சைக்கிளை மதிலோடு சாத்திவைக்க 20 ரூபாய் வாங்குகிறீர்.

தம்பி: அவரிடம் ஆரும் மிச்சக் காசு கேட்பதில்லை. துண்டு, மாஸ்டர்.

(மாஸ்டர் சேர்ட் பை, மூக்குக்கண்ணாடிக் கூடு, கைக்குட்டை எல்லாம் உதறிவிட்டு, கடைசியில் வேட்டி மடிப்பை அவிழ்த்தார். வியர்வையில் நனைந்து சுருண்ட துண்டு, நம்பர் 147. அதன் ஒரு மூலையில் சந்தனம் ஒட்டியிருந்தது.)

தம்பி: சேர்ட்டில் பை இருக்கும்போது இதை ஏன் இடுப்பில் செருகினீர்கள்?

மாஸ்டர்: ஏன், செருகக்கூடாதோ?

தம்பி: செருகலாம். சேர்ட்டைக் கழற்றும் ஆட்கள் செருகுவார்கள். ஆம்பிளைகள் சேர்ட் கழற்றாமல் உள்ளே போகேலாத இடம் இந்தச் சுற்றுவட்டாரத்தில்...

மாஸ்டர்: வெக்கை, தம்பி. வெக்கைக்குக் கழற்றினேன்.

தம்பி: சந்தனம்?

மாஸ்டர்: மனிசி பூசிவிட்டிருப்பா.

தம்பி: கண்டீர்களோ?

மாஸ்டர்: ...அனுமானம்.

தம்பி: (சைக்கிளை உருட்டி வந்து) பெல் அடிக்காது என்றீர்கள். (அடிக்கிறார். கணீர் என்கிறது.)

மாஸ்டர்: (கோயில் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி) அது போன கிழமையே திருத்தினது. மறந்துபோனேன். 20 ரூபாயைப் பிடியும்.