'கை வலி' என்று மட்டும் எழுதினால் போதுமா?

நோயாளியை எக்ஸ்ரேக்கு அனுப்பும் மருத்துவர்கள் படிவத்தில் 'கை வலி' என்று மட்டும் எழுதி அனுப்பும் வழக்கம், படம் எடுக்கும் எனக்குத் தீராத எரிச்சலைத் தருகிறது. வலக்கையா இடக்கையா, விரலா மணிக்கட்டா, விழுந்து அடிபட்டதா நாட்பட்ட வலியா என்று தெரியாமல் எந்தக் கோணத்தில் படம் எடுப்பது? கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் உள்ள படகெலும்பு முறிந்திருந்தால், வழக்கமான நேர்ப்படத்தில் அது தெரியாமலே போகலாம். மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்து வைத்துத் தனியே எடுக்கும் படத்தில்தான் அந்த எலும்பு நீளவாக்கில் தெளிவாகத் தெரியும். ஒரு வரி விவரம் இல்லாததால், நோயாளி மறுபடியும் வந்து இன்னொரு முறை கதிர்வீச்சை ஏற்க வேண்டியிருக்கிறது. அளவு சிறிதுதான், ஆனாலும் தக்க காரணமில்லாமல் எவர் உடலிலும் கதிரைச் செலுத்தக் கூடாது என்பது எங்கள் தொழிலின் அடிப்படை விதி. விவரம் கேட்டு அழைத்தால், 'பட்டனை அமுக்குவதற்கு இவ்வளவு கேள்வியா?' என்கிறார்கள்.