அம்மாவின் ரத்தம் என்ன சொன்னது?

மூன்று வருடங்களுக்கு முன்பு, கேரளத்தின் இடுக்கி மலையில் வண்டன்மேட்டுப் பக்கம் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, ஒரு ஆய்வுக் குழு வந்தது. ஏலத்தோட்டத்தில் மருந்து அடிக்கிற ஆட்கள், மருந்து அடித்த செடியில் காய் எடுக்கிற பெண்கள் என்று பலரிடம் ரத்தம் எடுத்தார்கள். பூச்சிமருந்து உடம்பில் ஏறியிருந்தால் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் வேலை குறையும், அதைத்தான் பார்க்கிறோம் என்று பொறுமையாக விளக்கவும் செய்தார்கள். படிவம் மலையாளத்தில் இருந்தது. அம்மாவுக்கு மலையாளம் நன்றாகப் பேச வரும், எழுத்துக் கூட்ட வராது. நான் படித்துச் சொன்னபிறகு கையெழுத்துப் போட்டுவிட்டுக் கையை நீட்டினார். அந்த ரத்தத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அடுத்த வருடம், நான் பாடம் நடத்தும் தமிழ்வழிப் பள்ளிக்கு வேறொரு குழு வந்து பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டு போனது. அதற்கப்புறம் வந்தவர்கள் பெண்களின் குழுக்கடன் பற்றிக் கேட்டார்கள். எத்தனை குழுவில் இருக்கிறீர்கள், வாரத் தவணை எவ்வளவு, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கினீர்களா? அம்மா ஒன்றையும் மறைக்காமல் பதில் சொன்னார். வந்த மூன்று ஆய்வுக் குழுவும் நல்லவர்கள்தான். மூன்றில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

நான் ஆய்வுக்கு எதிரி இல்லை. அறிவியல் ஆய்வுதான் ஆய்வு, கல்வியிலும் கடனிலும் என்ன ஆய்வு வேண்டிக்கிடக்கிறது என்று பேசுகிறவர்களோடு சண்டை போடுகிற ஆள் நான். ஒரு விஷயத்தை அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். 1919இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் வேலைக்குச் சேர்ந்தார். ஒரே வயலிலும் மண் இடத்துக்கு இடம் மாறும். ஓடையோரத்து ஏலச்செடியும் மேட்டில் நிற்கிற செடியும் ஒரே மாதிரி காய்க்காது என்பது எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். நல்ல பாத்திக்கு உரம் போட்டுவிட்டு, உரத்தால்தான் விளைந்தது என்று சொன்னால் ஏமாந்துபோவோம். அதனால் எந்தப் பாத்திக்கு உரம், எதற்கு இல்லை என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல முடிவு செய்யுங்கள் என்றார் ஃபிஷர்.

வயலில் வளர்ந்த இந்த முறை மருத்துவத்துக்குப் போனது, அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கும் கடனுக்கும் வந்தது. மும்பையிலும் வடோதராவிலும் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு அந்தந்த ஊர் இளம்பெண்களை வைத்துத் தினமும் இரண்டு மணி நேரம் தனியாகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் முன்னேறினார்கள். ஹைதராபாத்தில் 104 குடியிருப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, பாதி இடங்களில் மட்டும் முதலில் குழுக்கடன் கொடுத்து ஒப்பிட்டார்கள். சிலர் தொழிலைப் பெருக்கினார்கள். ஆனால் பிள்ளைகளின் படிப்பிலும், வீட்டில் பெண்களின் சொல்லுக்கு இருக்கும் மதிப்பிலும் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் தெரியவில்லை. இந்த இரண்டு ஆய்விலும் இருந்த அபிஜித் பானர்ஜிக்கும் எஸ்தர் டுஃப்லோவுக்கும் மைக்கேல் கிரெமரோடு சேர்த்து 2019இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

சரி, முறை ஒன்றாக இருக்கலாம். ஆனால் உரம் போட்ட பாத்திக்குப் போய் யாரும் முடிவைச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவுக்குச் சொல்ல வேண்டும்.

சொன்னால் இவர்களுக்கு என்ன புரியும் என்று நினைப்பவர்கள் ஏலக்காயின் கதையைப் பார்க்கட்டும். மழைக்காலத்தில் காய் அழுகி உதிரும் நோய்க்கு ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளிலும் ‘அழுகல்’ என்றுதான் பெயர். தோட்டத்தில் புழங்கிய சொல் அப்படியே அறிவியலுக்குள் போயிருக்கிறது. இடுக்கியின் மயிலாடும்பாறையில் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் 1978இல் வந்தது. ஆனால் இந்த மலை முழுக்கப் பரவியிருக்கும் ஞள்ளானி ரகத்தைக் கண்டெடுத்தது கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப். எந்தச் செடி நன்றாகக் காய்க்கிறது, தேனீ எப்படி வருகிறது என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். ஆராய்ச்சி இந்த மலையிலிருந்து இவ்வளவு வாங்கிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. 2019 ஆகஸ்டில் புத்தடியில் நடந்த ஏல விற்பனையில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போனது. எங்கள் கூலி அந்த வாரமும் பழைய கூலிதான். விலை ஏறும்போது மருந்து அடிப்பதும் கூடுகிறதா? விலை விழுந்து வேலை குறைகிற மாதங்களில்தான் அம்மா இரண்டாவது குழுவில் கடன் வாங்குகிறாரா? என் வகுப்பில் பிள்ளைகள் வராமல் போவது எந்த மாதங்களில்? ரத்தம் எடுத்தவர்களிடம் முதல் கேள்விக்குப் பாதி பதில் இருக்கும், கடன் கேட்டவர்களிடம் அடுத்ததற்கு, பிள்ளைகளை வாசிக்கச் சொன்னவர்களிடம் கடைசிக்கு. மூவரும் மூன்று துறை. ஒருவர் கட்டுரையை மற்றவர் படிக்கப் போவதில்லை. முடிவுகள் திரும்பி வந்திருந்தால் அவை மூன்றும் எங்கள் திண்ணையில் சந்தித்திருக்கும். நானே சேர்த்துவைத்துப் பார்த்திருப்பேன்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. தமிழில் ஒரு பக்கம், மலையாளத்தில் ஒரு பக்கம். ரத்தம் கொடுத்தவர்களுக்கு அவரவர் முடிவு கையில். மருத்துவ ஆய்வுக்கான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நெறிமுறைகள், சம்மதப் படிவம் ஆளுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்கின்றன. சம்மதம் கேட்கப் புரிகிற மொழி வேண்டுமென்றால், முடிவைச் சொல்லவும் அதே மொழி வேண்டாமா? முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைப் பார்க்கிறவர்கள், இந்த ஒரு பக்கத்தையும் கேட்டு வாங்க வேண்டும். மருத்துவமோ, கல்வியியலோ, நிதியியலோ, மனிதர்களிடம் கேட்டு எழுதிய எந்த ஆய்வாக இருந்தாலும் சரி.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆய்வு மாணவி வந்தார். கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் வேலைக்கு வரும் பெண்களைப் பற்றிய ஆய்வு. அம்மா கட்டன் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, பதில் சொல்வதற்கு முன்னால், “முடிஞ்சதும் வந்து சொல்லுவியா கண்ணு?” என்று கேட்டார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தன் பெயரையும் போன் நம்பரையும் எழுதி, கீழே ‘ஜூன் மாதம் வருவேன்’ என்று எழுதிக் கொடுத்தார். அம்மா அதை ரேஷன் கார்டுக்குள் வைத்திருக்கிறார்.