டிஎல்ஐ பட்டியல் மட்டும் போதாது
"டிஎல்ஐ பட்டியலில் உள்ள கல்லூரியில் படித்தால் கனடாவில் வேலை அனுமதி உறுதி" என்று கட்டுரையில் இருப்பது சரியல்ல. டிஎல்ஐ என்பது வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனம்; அந்தப் பட்டியல் படிப்பு அனுமதிக்குத்தான். படிப்பு முடிந்தபின் கொடுக்கும் வேலை அனுமதியான பிஜிடபிள்யூபி தனிக் கணக்கு. அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தை வாங்கித் தனியார் கல்லூரி நடத்தும் படிப்பில் 2024 மே 15 முதல் சேர்ந்தவர்களுக்கு அது கிடையாது. என் அண்ணன் மகனை அப்படி ஒரு படிப்பில்தான் ஏஜென்ட் சேர்க்கப் பார்த்தார். முன்பணம் கட்டுவதற்கு முதல் நாள் தற்செயலாகத் தெரிந்தது, வீட்டில் யாருக்கும் தூக்கமே இல்லை. அப்புறம், 2024 நவம்பர் 1 முதல் படிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்த டிப்ளமோ மாணவர்களுக்கு பிஜிடபிள்யூபி கிடைக்க, படிக்கும் துறையும் அதற்கான தகுதிப் பட்டியலில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியானால் என்ன ஆகும் என்று மேலே கேட்டவருக்கு: அது காலாவதியாகும் தேதி வரைதான் வேலை அனுமதி கொடுப்பார்கள், முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுங்கள்.