வேடிக்கை பார்க்க வந்தவள் இல்லை அவள்

ரத்தம் எடுப்பதைப் பார்த்துக் குறிப்பெடுக்க வந்த எங்கள் லேபின் ஆராய்ச்சி மாணவியை, ரத்தம் எடுக்கும் அறையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். "ஆராய்ச்சி பண்ண வந்தவளுக்கு இங்க என்ன வேடிக்கை, லேபுக்குப் போ" என்று சொன்னதுதான் இரண்டு நாளாக மனதை அறுக்கிறது.

பயோமெடிக்கல் படிக்கிற பிள்ளைக்கு லேப் வேலை, நோயாளியின் கையில் டூர்னிகே, அதாவது நரம்பு புடைக்கப் போடும் இறுக்கப் பட்டை, கட்டும்போதே தொடங்கிவிடுகிறது. கட்டு ஒரு நிமிடத்தைத் தாண்டினால் புரதமும் கால்சியமும் கூடுதலாகக் காட்டும். கையை மூடி மூடித் திறக்கச் சொன்னால் பொட்டாசியம் ஏறும். சிரிஞ்சில் எடுத்த ரத்தத்தை ஊசியைக் கழற்றாமல் டியூபுக்குள் வேகமாக அழுத்தினால் சிவப்பணு உடையும். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜிலிருந்து எடுத்துப் பார்த்தால், மேலே வெளிர் மஞ்சளாகத் தெளியவேண்டிய சீரம் ரோஸ் நிறத்தில் நிற்கும். பொட்டாசியமும், எல்.டி.எச்., ஏ.எஸ்.டி. என்ற இரண்டு என்சைம்களும் பொய்யாக உயரும். நீல மூடி டியூபில் ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் 0.3 மில்லி இருந்தால் 2.7 மில்லி ரத்தம் வேண்டும். பாதியோடு நிறுத்தினால் ரத்தம் உறையும் நேரம் நீண்டதாக ரிப்போர்ட் வரும், நோயாளிக்கு ஒரு கோளாறும் இல்லாமலேயே.

இதில் எதையும் மெஷின் கண்டுபிடித்துத் திருத்தித் தராது. நின்று பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

எங்கள் லேபுக்கு ஒருமுறை வந்த சாம்பிளில் பொட்டாசியம் 8.9, கால்சியம் 4.2. இரண்டுமே உயிருக்கு ஆபத்தான அளவு. அந்த ஆளோ வெளியே பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற என்சைமும் தரைமட்டத்தில் இருந்ததைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. சிவப்பு மூடி டியூபில் ரத்தம் குறைந்ததால், ஊதா மூடி டியூபிலிருந்து யாரோ கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். ஊதாவில் இருப்பது பொட்டாசியம் ஈ.டி.டி.ஏ. என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் உப்பு. அதன் பொட்டாசியம் ரிப்போர்ட்டில் ஏறும், கால்சியத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும், அந்த என்சைமுக்குத் தேவையான துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் பறித்துவிடும். மறுபடி எடுத்த சாம்பிளில் பொட்டாசியம் 4.3.

"அவள் ஆராய்ச்சி மாணவி, ஊசி குத்தப் போகிறவள் இல்லையே" என்பீர்கள். அவளுக்குத்தான் இது இன்னும் அதிகம் தேவை. பச்சை மூடி டியூபில் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின், டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கும் பி.சி.ஆர். சோதனையைத் தடுக்கும். டியூப் எந்த நிறம் என்று பார்க்காதவள் மூன்று வாரம் அந்தச் சோதனைக்கான பிரைமரை (தொடக்க டி.என்.ஏ. துண்டை) மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பாள். பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதியில், மிதக்கும் டி.என்.ஏ.வைத் தேடுகிறவளுக்கு, ஊதா டியூப் எத்தனை மணி நேரம் மேசையில் கிடந்தது என்பதே முதல் தகவல். நேரமானால் வெள்ளணு உடைந்து அதன் டி.என்.ஏ.வும் கலந்துவிடும். அப்புறம் மைனஸ் 80 ஃப்ரீசரில் எவ்வளவு பத்திரமாக வைத்து என்ன பயன்?

நோயாளியின் அந்தரங்கம் என்று ஒருவர் கேட்டார். நியாயம். அனுமதி கேட்கவேண்டும், வேண்டாமென்றால் அந்த நோயாளிக்கு மட்டும் வெளியே நிற்கவேண்டும். கூட்டம், இடமில்லை என்பதையெல்லாம் நான் ஏற்கவில்லை. ஒரு ஆள் சுவரோரம் நிற்க எவ்வளவு இடம் வேண்டும்?

உண்மையில் வலிப்பது வேறு. ரிப்போர்ட் தப்பானால் "லேப்காரன் தப்பு". ரிப்போர்ட் சரியாக இருந்தால் லேப் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. பழியில் பங்கு தருகிறவர்கள், அந்தப் பழி எங்கே பிறக்கிறது என்று பார்க்க வந்த பெண்ணைப் பத்துப் பேர் முன்னால் விரட்டியிருக்கிறார்கள். அவள் கையில் நோட்டு இருந்தது. கட்டு கட்டிய நேரம், அவிழ்த்த நேரம், எந்த டியூப் முதலில், எத்தனை முறை கவிழ்த்துக் கலக்கினார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தாள். நாங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தாள்.

திங்கட்கிழமை அவளைத் திரும்பக் கூப்பிடுங்கள். அதே அறைக்கு.